உள்ளிருந்து தின்னும் கறள்

எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் பிக்கப் வண்டியின் இடப்பக்கக் கதவு 2023ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலிருந்து சரியாகச் சாத்துப்படவில்லை. முதலிற் சிறிது தூக்கிச் சாத்தினாற் பொருந்தியது. வைகாசியிலே தோளால் இடிக்க வேண்டியதாயிற்று. ஆனி பிறந்ததும் கயிற்றாற் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்வந்தோம். பிணைச்சல் தேய்ந்துவிட்டது என்பது என் முடிபு. அதனைக் கழற்றி, அடியில் ஒரு வளையம் வைத்து மாட்டினேன். இரண்டு கிழமை ஒழுங்காயிருந்த கதவு மீண்டும் பழைய குணத்துக்கே திரும்பியது. வேறு வழியின்றிக் கராஜுக்குக் கொண்டுபோனேன். கராஜ்காரர் கதவைத் தொடவேயில்லை. பத்தடி தள்ளி நின்று வண்டியின் பக்கத்தோற்றத்தைச் சிறிது நேரம் நோக்கினார்.

"மாஸ்டர், கதவிலை பிழையில்லை. வீடு இறங்கினால் கதவு இறுகும்தானே? இதுவும் அப்பிடித்தான். கீழை செசி இறங்கிப்போச்சு."

செசி என்று கராஜுகளில் வழங்குவது வண்டியின் அடிச்சட்டம். நான் 32 ஆண்டுகள் இரசாயனவியல் படிப்பித்தவன். இரும்பு எவ்வாறு கறள் கட்டுகிறது என்பதை ஆண்டுதோறும் வெண்கட்டியால் எழுதிக் காட்டியவன். என் முற்றத்தில் நின்ற வண்டியின் அடியிலே ஒருநாளேனும் குனிந்து பார்த்தவனல்லன். தைப்பொங்கலுக்கு முன் அதன் மேனிக்குத் தீந்தை பூசுவித்ததுண்டு. மேனி பளபளத்தது. அதுவே எனக்குப் போதுமாயிருந்தது.

வண்டியின் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் அமைத்த மொறிஸ் மைனர் கார் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியிலே முதன்முதல் வைக்கப்பட்டது. அதன் வழிவந்த வானும் பிக்கப்பும் 1953இல் வெளிவந்தன. காருக்கும் பிக்கப்புக்கும் முகம் ஒன்றே, எலும்பு வேறு. காரிலே தனியான அடிச்சட்டம் இல்லை. அதன் கூடுதானே சட்டமாகவும் நிற்கும். பாரமேற்றும் பிக்கப்புக்கோ தனிச் சட்டம் செய்தார்கள். நீளவாட்டில் இரண்டு கால்கள், அவற்றைப் பிணைக்கும் குறுக்குச் சட்டங்கள். ஏணியொன்றைப் படுக்க வைத்தாற்போலத் தோன்றும். அக்கால்கள் திண்ணிரும்பால் ஆனவையல்ல. தகட்டை மடித்து ஒட்டிய பொள்ளலான பெட்டிகள். எடை குறைவாகவும் உறுதி கூடுதலாகவும் இருப்பது இவ்வடிவின் சிறப்பு. உள்ளே நடப்பது வெளியே தெரியாமலிருப்பது அதன் குறை.

தகப்பனார் இதனை 1961ஆம் ஆண்டில் வாங்கினார். அதன்பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகவே, இருக்கும் வண்டியைப் பேணுவதன்றி வேறு வழி இந்நாட்டார்க்கு இல்லாது போயிற்று. யாழ்ப்பாணத்து வீதிகளிலே ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் இத்துணைக் காலம் ஓடியதன் இரகசியம் இதுதான். அப்பழக்கம் பிற்காலத்தில் வேறொரு வகையிலும் பயன்பட்டது. மைனர் பிறந்த இங்கிலாந்திலேயே அதன் தகடுகள் அரிதாகியபோது, 1990களில் அவற்றை இலங்கையிலே செய்வித்து அங்கே கொண்டுபோனார்கள்.

எங்கள் வண்டி முதலில் வாழைக்குலையும் புகையிலையும் சுமந்தது. 1970களில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் சுமந்தது. 1980களிற் சில ஆண்டுகள் குருநகரிலிருந்து மீன் ஏற்றும் ஒருவருக்கு வாடகைக்கு விடப்பட்டது. பனிக்கட்டி உருகிய உப்புநீர் நாள்தோறும் தளத்தின் பொருத்துகளால் வடிந்து, அடியிலுள்ள பெட்டிகளுக்குட் புகுந்திருக்க வேண்டும். அக்காலத்தில் அதனை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. மீன் நாற்றத்தைப் பற்றி மட்டும் அம்மா முறையிட்டுக்கொண்டிருந்தார். 1990இன் பின் பெற்றோல் கிடையாமற் போனபோது, சில துளி பெற்றோலால் எஞ்சினை எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்த வேளையில், 11 பேரையும் இரண்டு ஆடுகளையும் ஏற்றிக்கொண்டு, மழையிலே மனிதர் நடக்கும் வேகத்தில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது இவ்வண்டிதான். "பழைய இரும்புக்குப் போட்டுவிடு" என்று கனடாவிலிருந்து தம்பி எழுதியபோது நான் மறுமொழி அனுப்பாமலிருந்ததற்கு இதுவே காரணம்.

ஆடி மாதம் வேலை தொடங்கிற்று. சோளகம் வீசும் வறண்ட காலம். இரும்பு வேலைக்கு ஏற்ற காலம். சில்லுகளையும் எரிபொருட் தாங்கியையும் பற்றறியையும் கழற்றி, வண்டியை மரக்குற்றிகளின் மேல் நீர்மட்டம் பார்த்து நிறுத்தினார்கள். அடியில் அறுபது ஆண்டுச் சேறு எண்ணெயோடு குழைந்து கல்லாயிருந்தது. மரச்சீவலாற் சுரண்டி, மண்ணெண்ணெய் பூசிக் கழுவியபோது நான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். எஞ்சினும் பற்சக்கரப் பெட்டியும் ஓயாது எண்ணெய் ஒழுகவிட்ட முற்பகுதியிலே இரும்பு புதிதுபோல் இருந்தது. தொழிற்சாலையில் இட்ட குறிகூடத் தெரிந்தது. அந்த ஒழுக்கை நிறுத்தவென்று நான் எத்தனை முறை பணம் செலவழித்திருக்கிறேன்! எண்ணெய் படாத, துப்புரவான, ஆண்டுதோறும் கறுப்புத் தீந்தை பெற்ற பிற்பகுதியோ உளுத்துப் போயிருந்தது.

கராஜ்காரர் சிறிய சுத்தியலொன்றை எடுத்து அடிச்சட்டத்தை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டு போனார். மேளகாரர் தோலின் சுருதி பார்ப்பதுபோன்ற கவனம். கணீர், கணீர் என்று வந்த ஓசை பின்னச்சுக்கு அண்மையிற் சொத்தென்று அடங்கியது. அவ்விடத்திலே திருப்புளியை வைத்து உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினார். பிடிவரை உள்ளே போய்விட்டது. பட்டைவில்லைத் தாங்கும் கொளுவி, இடப்பக்கத்திலே தீந்தையின் வலிமையால் நின்றதேயொழிய இரும்பின் வலிமையால் அன்று. அதற்கு நேர்மேலே, பின்தட்டிலே சாய்ந்துகொண்டுதான் என் பேரப்பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போய்வந்தார்கள். நான் அன்று மத்தியானம் வீட்டுக்குப் போகவில்லை. கராஜ் வாங்கிலேயே இருந்தேன்.

வகுப்பறையில் நாங்கள் செய்துகாட்டும் பரிசோதனையை ஆசிரியர்கள் நன்கறிவர். மூன்று சோதனைக்குழாய்களில் மூன்று ஆணிகள். ஒன்றிலே கல்சியங்குளோரைட்டால் உலர்த்திய வளி. ஒன்றிலே கொதித்தாறிய நீரும் அதன்மேல் எண்ணெய்ப் படையும். ஒன்றிலே சாதாரண நீரும் வளியும். மூன்றாவது ஆணி மட்டும் கறள் கட்டும். நீரும் ஒட்சிசனும் ஒருங்கே வேண்டும் என்று குறிப்பெழுதுவித்து அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். உண்மையான இரும்பிலே கதை அத்துடன் முடிவதில்லை. அதே இரும்பின் ஒரு புள்ளி இலத்திரன்களை இழந்து கரைய, மற்றொரு புள்ளியிலே ஒட்சிசன் அவற்றை ஏற்றுக்கொள்கிறது. இரண்டுக்கும் இடையே ஈரம் பாலமாகிறது. அந்த ஈரத்தில் உப்புக் கலந்தால் மின்னோட்டத்துக்குப் பாதை இலகுவாகும். மேலும், உப்பு தானே வளியிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆகவே மீன் ஏற்றுவதை நிறுத்தி முப்பதாண்டு கழிந்தும், அந்தப் பெட்டிகள் ஒவ்வோர் இரவும் நனைந்தே இருந்தன.

இன்னுமொரு விந்தை உண்டு. வளி தாராளமாகப் படும் இடமே விரைவில் அரிபடும் என்றுதான் நாம் நினைப்போம். நனைந்த இரும்பிலே நடப்பது மறுதலை. ஒட்சிசன் எட்டாத இடுக்குத்தான் கரையும் முனையாகிறது. இரு தகடுகள் ஒன்றன்மேலொன்று படியும் மடிப்பு, சேறு அடைத்த மூலை, தீந்தையின் கீழே நீர் புகுந்த கொப்புளம் ஆகியவையே இரும்பு முதலில் மடியும் இடங்கள். அங்கே பிறக்கும் கறள், தான் தின்ற இரும்பினும் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட இடத்தைக் கேட்பது. அதனால் தகடுகளை நெம்பிப் பிரிக்கும். பிரிந்த இடைவெளியில் மேலும் நீர் புகும்.

2015ஆம் ஆண்டளவிலே பட்டணத்துக் கடையொன்றில் அடிப்பக்கத்துக்கென்று தடித்த தார்ப்பூச்சு விசிறுவித்தேன். கழுவவில்லை, சுரண்டவில்லை, அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. "இனி ஆயுசுக்கும் பயமில்லை" என்றார்கள். உலர்ந்து சுருங்கிய அத்தார் இப்போது வாழைப்பட்டைபோல உரிந்து வந்தது. அதன் உட்புறத்தில் ஈரமும், கைவிரல் அகலக் கறட் செதில்களும். ஈரத்தை வெளியே நிறுத்தவேண்டிய பூச்சு ஈரத்தை உள்ளே சிறைவைத்திருந்தது.

தாரை முழுவதும் உரித்தபோதுதான் அந்தத் தகடு வெளிப்பட்டது. இடப்பக்கக் காலிலே, ஒரு முழ நீளத்துக்கு, எண்ணெய்ப் பீப்பாயின் தகட்டை வெட்டி வைத்து, நெருக்கமாகத் தறையாணி அடித்திருந்தார்கள். ஆணிகளின் தலைகள் ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில் நின்றன. கராஜ்காரர் விளக்கைக் கிட்டப் பிடித்து அதனை நெடுநேரம் பார்த்தார்.

"இது அப்பா வைச்ச தகடு, மாஸ்டர். தொண்ணூற்றி மூண்டாக இருக்க வேணும். கரண்ட் இல்லை, வெல்டிங் இல்லை. நான்தான் மறுபக்கம் சம்மட்டி பிடிச்சனான்."

அந்த ஒட்டுத்தான் 1995இல் 11 பேரைச் சுமந்தது என்பதை இருவரும் சொல்லாமலே அறிந்தோம். அதனை அப்படியே விட்டுவைத்து, மற்றப் பகுதிகளை மட்டும் மாற்ற இயலாதோ என்று கேட்டேன்.

"விட்டால் புதுசும் இதோடை சேர்ந்து போயிடும், மாஸ்டர். உள்ளுக்கு எல்லாம் மாவு. தகட்டுக்கும் செசிக்கும் இடையிலைதான் தண்ணி நிண்டிருக்கு."

அவர் கூறியது சரி. இரு தகடுகளுக்கு இடைப்பட்ட இடுக்கைப்பற்றி மேலே எழுதியது அந்தத் தகட்டுக்கும் பொருந்தும். அன்று வண்டியைக் காத்த ஒட்டே, அதன் அடியிலிருந்த இரும்பை முப்பதாண்டாகத் தின்னவும் வழி செய்திருக்கிறது. அவர் மேலும் ஒன்றும் பேசாமற் கிறைண்டரை எடுத்தார்.

வெட்டுவதற்கு முன் அளவெடுத்தார்கள். இருபுறமும் ஒத்த சட்டத்திலே மூலைவிட்டங்கள் சமமாயிருத்தல் வேண்டும். அளவுநாடா முக்கால் அங்குலம் வித்தியாசம் காட்டிற்று. கதவு மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த முக்கால் அங்குலத்தைத்தான். ஜக்கு வைத்து மெல்ல உயர்த்தி, வித்தியாசம் ஒரு நூலுக்குள் வந்தபின், குறுக்கே கோணவிரும்புகளைத் தற்காலிகமாக ஒட்டி அந்நிலையைப் பூட்டினார்கள். இரண்டு கால்களையும் ஒரே வேளையில் வெட்டலாகாது என்பது இத்தொழிலின் முதல் விதி. ஒன்று முடிந்து ஆறிய பின்பே மற்றது. பழுதான பகுதியை, முழுத்தடிப்புள்ள நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்தல் இரண்டாம் விதி. இதிலே கைக் கஞ்சத்தனம் காட்டினால், புதுத்தகட்டின் விளிம்பிலே பழைய நோய் தொடரும். நான் ஓரிடத்தில் "இது காணும்" என்றேன். அவர் மேலும் நாலங்குலம் வெட்டிக் காட்டினார். வெளியே ஒளிர்ந்த தகட்டின் உட்புறம் கடதாசித் தடிப்பே இருந்தது.

2 மில்லிமீற்றர் உருக்குத் தகட்டை மடித்து, பெட்டியின் காணாமற் போன பக்கங்களை அமைத்தார்கள். வெல்டிங்கை ஒரே ஓட்டமாக இழுக்காமல், இங்கே ஓரங்குலம், அங்கே ஓரங்குலமாக மாறிமாறி வைத்தார்கள். இல்லையேல் வெப்பத்தால் இழுபட்டுச் சட்டம் முறுகிவிடும். இவ்வேலை பதினொரு நாள் சென்றது. மருமகன் அந்நாட்களில் வெங்காயத்தை வாடகை லாண்ட்மாஸ்டரிலே சந்தைக்கு அனுப்பினார். செலவு என் மூன்று மாத ஓய்வூதியத்தைக் கடந்தது. வீட்டில் அதைப்பற்றி நடந்த உரையாடலை இங்கே எழுதவேண்டியதில்லை.

பின்பு கறள் நீக்கல். எட்டிய இடங்களிலே கம்பித்தூரிகையும் அரத்தாளும், எஞ்சியவற்றுக்கு மணல்வீச்சு. கடற்கரை மணலை இதற்குப் பயன்படுத்தலாகாது. அதன் உப்பு இரும்பின் துளைகளில் தங்கி, பூச்சின் அடியிலே மீண்டும் தன் வேலையைத் தொடங்கும். மணற்றூசு நுரையீரலுக்கும் கொடியது என்பதால், முகமூடி இல்லாத பையனை அவர் அருகில் விடவில்லை. வெள்ளிபோல வெளிவந்த இரும்பை இராப்பொழுது திறந்து வைக்கவும் கூடாது. யாழ்ப்பாணத்து இரவுக் காற்றிலே விடியுமுன் மெல்லிய செம்மை படர்ந்துவிடும். வீசிய அன்றே முதற்பூச்சு.

எதனாலும் முற்றாகச் சுரண்டமுடியாத பொருத்துகளுக்குக் கறள் மாற்றும் திரவம் பூசினார்கள். போத்தலைப் பார்த்தேன். பொசுபோரிக்கமிலமும் தனின் அமிலமும். முன்னது கறளை இரும்புப் பொசுபேற்றாக்கும். பின்னதன் செய்கையைக் கண்டபோது எனக்குப் பாட்டனாரின் நினைவு வந்தது. செம்பழுப்பான இரும்பு கண்ணெதிரே நீலங்கலந்த கறுப்பாக மாறியது. கடுக்காயை ஊறவைத்த நீரில் அன்னபேதியைக் கலந்து மை காய்ச்சியது எங்கள் முன்னோர் வழக்கம். கடுக்காயின் துவர்ப்புத் தனின். அன்னபேதி இரும்புச் சல்பேற்று. இரண்டும் கூடிப் பிறக்கும் கருமை நீரிலே கரையாது. அதனாற்றான் அம்மையால் எழுதிய எழுத்து நனைந்தாலும் நின்றது. வண்டியின் அடியிலே நிகழ்ந்ததும் அதே சேர்க்கைதான். கராஜ்காரருக்கு இதனைச் சொன்னேன். "அப்ப கடுக்காய் வாங்கியிருந்தால் காசு மிஞ்சியிருக்கும்" என்றார்.

வெளிப்புறத்துக்கு நாகத்தூள் மிகுந்த முதற்பூச்சும், அதன்மேல் எப்பொக்சிப் பூச்சு இரண்டும் கொடுக்கப்பட்டன. முற்காலத்துச் செவ்வீயப் பூச்சு சிறந்ததாயினும் நஞ்சு. அதனை நான் வேண்டவில்லை. நாகம் செய்வது மறைத்தல் மட்டுமன்று. இரும்பினும் எளிதில் இலத்திரனை விடுவது நாகம். ஆதலால் பூச்சிலே கீறல் விழுந்து ஈரம் புகுந்தாலும், நாகம் முதலிற் கரைந்து இரும்பை நிற்கவிடும். கப்பல்களின் அடியிலே நாகக் கட்டிகளைப் பொருத்துவதும் இந்நோக்கத்துக்கே.

வெளிப்பூச்சு எத்துணை நன்றாயினும், எங்கள் வண்டியைக் கெடுத்தது உட்புறம் அல்லவா? ஆகவே பெட்டிகளின் உள்ளேதான் நான் கூடுதலாகக் கவனம் வைக்கச் சொன்னேன். முன்னாளிலே இதற்குப் பழைய எஞ்சின் ஒயிலை ஊற்றுவார்கள். அது இரும்பைக் காப்பது உண்மை. என் வண்டியின் முற்பகுதியே அதற்குச் சாட்சி. ஆயின் ஊற்றிய ஒயில் சொட்டும். எங்கள் மண்ணின் கீழே சுண்ணக்கல். மேலே விழுந்தது கிணற்றுக்குப் போகும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததென்று 2014, 2015ஆம் ஆண்டுகளில் எழுந்த அச்சத்தை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. இருபது முழத்தில் எங்கள் வீட்டுக் கிணறு இருக்க, முற்றத்திலே கழிவொயில் சொட்டும் வண்டியை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. எனவே மெழுகும் கம்பளியாட்டு மயிரின் கொழுப்பும் சேர்ந்த கலவையொன்றை வாங்கினோம். அதனை வெந்நீரில் வைத்து இளக்கி, நுனியிலே பக்கத்துளைகள் கொண்ட நீண்ட குழாயைப் பெட்டிக்குள் நுழைத்து, மெல்லப் பின்னிழுத்துக்கொண்டே விசிறினார்கள். நண்பகல் வெயிலிலே சட்டம் சூடேறியிருந்தது. கலவை மடிப்புகளுக்குள் இறங்கி மறுபுறத்துப் பொருத்துகளிலே தேன்போலக் கசிந்தது. கசிந்த இடங்களை எண்ணிக்கொண்டு நான் சுற்றிவந்தேன். வலப்பக்கத்து நடுப்பகுதியிற் கசிவு காணவில்லை. இன்னொரு முறை விசிறச் செய்தேன். இம்முறை அவர் என் பேச்சைக் கேட்டார்.

பெட்டிகளின் அடியிலே நீர் வடிவதற்கென்று தொழிற்சாலையிலேயே சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். 1961 முதல் இவ்வண்டி எங்களோடு இருந்தும், அவை இருப்பதை நான் அறியேன். செம்மண்ணும், தீந்தையும், பின்னர் தாரும் அவற்றை அடைத்துவிட்டன. புதிய தகடுகளிலும் அவ்வாறே துளையிட்டு, பூச்சு அவற்றை மூடாதபடி ஈர்க்குத் துண்டுகளைச் செருகிவைத்து, பூச்சுக் காய்ந்தபின் உருவினார்கள்.

வெட்டியெடுத்த இரும்பெல்லாம் கராஜின் வேலியோரம் குவிந்து கிடந்தது. பீப்பாய்த் தகடும் அதில் இருந்தது. அதனை அவர் எடுத்து வைப்பார் என்று எண்ணினேன். பழைய இரும்புக்காரர் வந்தபோது அவர் தாமே அதனைத் தராசிலே போட்டார். ஒரு தறையாணியை மட்டும் நான் கேட்டு வாங்கி வந்தேன். அது என் மேசையில், கடதாசிகள் பறவாதபடி வைக்கும் கல்லுக்குப் பக்கத்திலே இருக்கிறது.

ஆவணியில் வண்டி வீட்டுக்கு வந்தது. பேரன் ஒரு விரலாற் கதவைத் தள்ளினான், அது சாத்திக்கொண்டது. ஐப்பசியில் முதல் மழை இரண்டு நாள் விடாது பெய்தது. மூன்றாம் நாட் காலை, சாக்கை விரித்து வண்டியின் அடியிலே படுத்து, விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். ஆறு துளைகளில் ஐந்து சொட்டிக்கொண்டிருந்தன, நீர் தெளிவாயிருந்தது. ஆறாவதிலே செம்மண் அடைத்திருந்தது. ஈர்க்கால் குத்திவிட்டேன். அரைச் சிரட்டை நீர் என் கழுத்திலே இறங்கியது.